கூத்தாடிப் புழு பார்க்கப் போன நாள்

அன்னாசித் தோட்டத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் செம்மண் சாலையும் இருபுறமும் ரப்பர் மரங்களும்தான் தெரிந்தன. பெக்கான் நானாஸ் பக்கம் அந்தப் பருவத்தில் காய்ப்பு நன்றாக இருந்தது, வேலைக்கும் குறைவில்லை. அன்னாசி இலையின் முள் முழங்கால்வரை கிழித்த இடங்களில் சதுப்புத் தண்ணீர் பட்டுப் புண்ணாகிவிட்டது. புண்ணோடு உட்கார்ந்திருப்பவனுக்குத் தோட்டத்துச் சீன முதலாளி, எங்கள் தவுக்கே, சோறு போடமாட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரு சட்டையையும் ஒரு தகரக் குவளையையும் துண்டில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டேன். ஜொகூர் பாருவுக்குப் போய், கடற்பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கலாம் என்று ஓர் எண்ணம் இருந்தது.

செனாயிலிருந்து வரும் சாலை வந்து சேரும் முச்சந்தியில் ஒரு சீனர் காப்பிக் கடை. அதற்கு எதிரே மரத்தில் ஒரு பலகை அடித்திருந்தார்கள். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனாலும் எழுத்து என்று எதைக் கண்டாலும் நின்று வாசிக்காமல் போகமாட்டேன். மருந்துப் போத்தல், சோப்புத் தாள், கல்லறைக் கல் எதையும் விட்டதில்லை. பலகையில் நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. தமிழ் கடைசியில், நெருக்கமாக, இடம் போதாமல் வளைந்து இறங்கியிருந்தது.

அதை வாசித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"அண்ணே, அதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

கையில் மூங்கில் கூடையோடு ஒரு பெண் நின்றாள். இருபது வயது இருக்கலாம். பக்கத்தில் தலையில் தகரப்பெட்டியுடன் அவள் புருஷன். அவன் நிற்கவில்லை, நாலு அடி முன்னே போய், திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான்.

நான் சத்தமாக வாசித்தேன். காய்ச்சலை ஆராயும் நிலையம் இன்று பொதுமக்கள் எல்லோருக்கும் திறந்திருக்கும், எந்த இனத்தாரும் வரலாம், கட்டணம் இல்லை, தங்கள் இடத்துத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்தால் கண்ணாடியில் வைத்துக் காட்டுவார்கள்.

"பாத்தீங்களா? நம்ம தோட்டத்துல தப்படிச்சுச் சொன்னதும் இதேதான்" என்றாள் அவள் புருஷனிடம்.

"ரயிலு போயிரும் புள்ள."

"ரயிலு சாயங்காலம்தானே."

"தண்ணியப் பாத்து என்னா பண்ணப் போற? முனி கண்ணாடியில தெரியுமா?"

"தெரியலன்னா தெரியலன்னு தெரிஞ்சுக்குவோம்ல."

எனக்கு இந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. அவசர வேலை ஏதும் இல்லாதவன் நான். மூவரும் ஒன்றாக நடந்தோம். வழியில் எனக்குத் தாகம் எடுத்தபோது அவள் கூடையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் குடிக்கக் கொடுத்தாள். நல்ல குளிர்ந்த தண்ணீர். நான் அண்ணாந்து குடித்து, அவர்களும் ஆளுக்கொரு வாய் குடித்தபிறகு, அவளே கதையைச் சொன்னாள். அவன் மறுத்தும் பேசவில்லை, ஒத்தும் பேசவில்லை. பெட்டியைத் தலையில் அவ்வப்போது நகர்த்தி வைத்துக்கொண்டான்.

செனாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவன் ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவன். அவள் கல்யாணமாகி அங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, பின்னால் ஓர் ஓடை. ஓடைமேல் புதரும் கொடியும் பெரணியும் கூரை போட்டது போல் மூடியிருந்தன. துணி துவைக்க இடமில்லை, குளித்தால் அட்டை கடிக்கும். வந்த மாதத்திலேயே அவள் அரிவாளை எடுத்து ஓடைக்கரை முழுவதையும் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டாள். வெயில் இறங்கி, தண்ணீர் அடியில் உள்ள மணல்வரைக்கும் பளபளவென்று தெரிந்ததாம். பெண்களெல்லாம் அவளைக் கொண்டாடினார்களாம். பிறகு காய்ச்சல் வந்தது. முதலில் கடைசி வீட்டில், அடுத்து அதற்குப் பக்கத்து வீட்டில், கடைசியில் லயம் முழுக்க. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கும் குளிர்காய்ச்சல். புதருக்குள் ஒரு கல் இருந்தது, என்றைக்கோ யாரோ குங்குமம் பூசிய கல். அங்கே முனி இருந்தது, இவள் அதன் நிழலை வெட்டிவிட்டாள் என்று ஒருத்தி சொன்னாள். மறுவாரம் எல்லோரும் சொன்னார்கள்.

"கல்ல நான் தொடவே இல்லண்ணே. சுத்தித்தான் வெட்டுனேன்."

லயத்துப் பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். இவள் அங்கே இருக்கும்வரை காய்ச்சல் போகாது. கிடா வெட்டி முனியைச் சாந்தி செய்யும்வரை அவளைச் சிங்கப்பூரிலுள்ள அண்ணன் வீட்டில் விட வேண்டும். எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. அவளை விட்டுவரத்தான் அவன் புறப்பட்டிருந்தான்.

"லயத்து முக்குல ஒரு தண்ணிப் பீப்பா இருக்கு. அதுல புழு நெளியும். காய்ச்சல் அதுலேர்ந்துதான் வருதுன்னு எனக்குத் தோணுது. அதான் ஒரு போத்தல் எடுத்துட்டு வந்திருக்கேன். அதுன்னு ஆயிருச்சுன்னா நான் எதுக்கு அண்ணன் வீட்டுக்குப் போவணும்?"

"ஆயிருச்சுன்னா பாக்கலாம்" என்றான் புருஷன், முதல் தடவையாக.

நிலையம் ஒரு மேட்டின்மேல் இருந்தது. வெள்ளையடித்த நீளமான கட்டடம், சுற்றிலும் கம்பிவலை அடித்த தாழ்வாரம். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போனேன். கம்பத்துக் கிராமங்களிலிருந்து மலாய்க்காரர்கள் குடும்பத்தோடு, சீனக் கடைக்காரர்கள் குடையோடு, தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் லாரி லாரியாக. வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டியில் சின்னச் சின்ன மீன்கள் நீந்தின. ஒருவர் கரண்டியால் கொசுப்புழுவை அள்ளிப் போட, மீன்கள் பாய்ந்து விழுங்கின. எந்த மீன் அதிகம் தின்னும் என்று அதற்குள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். "வால் கறுத்ததுதான் லா! பாரு பாரு!" என்று ஒருவன் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கத்தினான். நானும் கொஞ்ச நேரம் வால் கறுத்த மீனின் பக்கம் நின்று கத்தினேன். அது தோற்றுப்போனது.

உள்ளே நுழைந்ததும் கர்ப்பூர வாசனை அடித்தது. செத்த கொசுக்களை ஊசியில் குத்தி வைத்த பெட்டிகளில் பூச்சி அரிக்காமலிருக்கக் கர்ப்பூரம் போட்டிருந்தார்கள். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? எதிரே வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் பித்தளையில் பளபளக்கும் ஒன்று நிமிர்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் வெள்ளை உடையில் ஒருவர், கையில் நீண்ட பிடி வைத்த சின்னக் கரண்டி, முன்னே ஒரு கிண்ணம். ஒவ்வொருவராக வரிசையில் நகர்ந்து, குனிந்து பார்த்து, அப்பால் போனார்கள்.

நம் ஆட்கள் செய்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வாசலிலேயே செருப்பு வைத்திருந்தவர்களெல்லாம் கழற்றிப் போட்டார்கள். எனக்குச் செருப்பே இல்லாததால் அந்த வேலை மிச்சம். தலையில் சுற்றியிருந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. பேச்சுச் சத்தம் தணிந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கால் தானாக அப்படி நின்றது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு முன்னால் நின்ற புருஷன், மேசையை நெருங்கியதும் இடது கைமேல் வலது கையை வைத்துக் குழித்து நீட்டினான்.

வெள்ளை உடைக்காரர் கிண்ணத்திலிருந்து கரண்டியில் தண்ணீர் மொண்டு கண்ணாடித் துண்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு கை வந்தது. கரண்டி அதில் இடித்துத் தண்ணீர் கையில் விழுந்தது. அவன் அதைக் கண்ணில் ஒற்றினான், உறிஞ்சிக் குடித்தான், மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டான்.

"ஐயோ! என்ன காணும் செய்யிறீர்?" என்று அந்த மனிதர் அலறினார். யாழ்ப்பாணத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "உது தீர்த்தமோ? உது கொசுப்புழுத் தண்ணி!"

 அவன் மனைவி சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. வரிசை முழுக்கச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பாவம், அவன் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உள்ள போயிருச்சேய்யா! காய்ச்சல் வருமா? வயித்துக்குள்ள பறக்குமா?"

"பறக்காது. புழுவைக் குடிச்சுக் காய்ச்சல் வந்த ஆள் உலகத்தில ஒருத்தரும் இல்லை. கொசு கடிச்சால்தான் காய்ச்சல். ஒரு காய்ச்சல்காரரைக் கடிச்சுப்போட்டு வந்து உம்மைக் கடிக்கவேணும். விளங்குதோ? இப்ப இஞ்ச வந்து நீர் குடிச்ச ஆளை வடிவாய்ப் பாரும்."

அவன் கண்ணை வைத்தான். "முடிதான்யா தெரியுது. கறுப்பு முடி."

"அது உம்முடைய இமை. கண்ணை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோம்."

அவன் அப்படியே நின்றான். அவன் தோள் விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். "யப்பா!" என்றான், அவ்வளவுதான்.

என் முறை வந்தது. எனக்கும் முதலில் என் இமைதான் தெரிந்தது. பிறகு வெளிச்சத்தின் நடுவில் ஒரு மிருகம். தலை, அதில் இரண்டு கண், வாயின் இருபக்கமும் விசிறிபோல் மயிர், உள்ளே ஏதோ துடிக்கிறது. இத்தனை வருடம் குளத்திலும் குட்டையிலும் இதைக் குவளையால் ஒதுக்கித் தள்ளிவிட்டுக் குடித்திருக்கிறேன். அதற்கு முகம் உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பின்னாலிருந்தவர் முதுகில் குத்தியபிறகுதான் விலகினேன். அந்தக் கருவியின் பெயர் மைக்ராஸ்கோப் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் அது பூதக்கண்ணாடிதான்.

அவள் கூடையிலிருந்து பீப்பாய்த் தண்ணீரை எடுத்து நீட்டினாள்.  யாழ்ப்பாணத்துக்காரர் அதை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினார். புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன.

"உங்கட லயத்தில காய்ச்சலோ?"

"எல்லா வீட்டுலயும் இருக்குங்கய்யா. இதுதானே அது?"

அவர் தலையை ஆட்டினார். "இல்லைத் தங்கச்சி. இதுகள் தலைகீழாய்த் தொங்குது பாரும். இந்தச் சாதி கடிக்கும், சொறியும், நித்திரையைக் கெடுக்கும். ஆனால் உங்கட குளிர்காய்ச்சலை இது கொண்டுவராது."

அவள் முகம் வாடிவிட்டது. புருஷன் குனிந்து தகரப்பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தான். ரயிலுக்கு நேரம் இருந்தது.

யாழ்ப்பாணத்துக்காரர் விடவில்லை. "மற்றப் போத்தலுக்குள்ள என்ன?"

"அது குடிக்கிற தண்ணி. எங்க ஓடைத் தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கும்."

"தாரும் பார்ப்பம்."

போத்தலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். அரைவாசிதான் மிச்சம் இருந்தது. திருப்பினார், மறுபடி திருப்பினார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. வேறொரு கிண்ணத்தில் மெல்ல ஊற்றி, எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். புதையல் கிடைத்தவர் போல இருந்தது அவருடைய அவசரம்.

"பாருங்கோ! ஓரத்தில பாருங்கோ! இது தொங்கேல்லை. தண்ணிக்கு மேல மட்டமாய்ப் படுத்திருக்கு. இதுதான்! இதுதான் உங்கட காய்ச்சல்!"

குனிந்து பார்த்தோம். துரும்புபோல் மிகச் சிறியதாக இரண்டு, தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக்கிடந்தன. தொட்டதும் பின்பக்கமாகத் துள்ளின.

"அப்ப நாம மூணு பேருமே குடிச்சிருக்கோம்" என்றேன் நான்.

"இந்தச் சுத்தத் தண்ணியிலயா?" என்றாள் அவள்.

"சுத்தத் தண்ணிதான் இதுக்கு வேணும். சுத்தமும் வெயிலும். நிழல் விழுந்த ஓடையில இந்தச் சாதி முட்டை இடாது. உங்கட ஓடையில ஆரோ காட்டை வெட்டி வெயிலை விட்டிருக்கினம். எந்த மடையன் வெட்டினவன்?"

 பக்கத்து மேசையில் ஒரு குழந்தை பூதக்கண்ணாடிக்காக அழுதுகொண்டிருந்தது.

புருஷன்தான் மெல்லச் சொன்னான். "அப்ப அவங்க சொன்னது சரிதான். நீ வெட்டுனதாலதான்."

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பினேன். அவள் அழவில்லை.

"ஆமா, நான்தான் வெட்டுனேன்" என்றாள். யாழ்ப்பாணத்துக்காரரைப் பார்த்து, "மடையன் இல்லீங்கய்யா, மடச்சி. நான்தான்."

அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "இல்லைத் தங்கச்சி, நான் அப்பிடி…"

"இருக்கட்டும். ஆனா இது முனி இல்லல்ல?" புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, முனியக் கூப்பிட்டு ஏன் கோபம்னு கேக்க முடியுமா? இதக் கேக்கலாம். இத என்னா பண்றதுன்னு ஐயாவக் கேளுங்க."

அவன் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரரே ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். கறுத்த எண்ணெயில் ஒரு துளியைக் கிண்ணத்தில் விட்டார். துளி விரிந்து, மயில்கழுத்து நிறத்தில் தண்ணீர் முழுவதும் பரவியது. புழுக்கள் வாலை மேலே தூக்கித் தூக்கிப் பார்த்தன. மூச்சுக்கு வழி கிடைக்கவில்லை. துள்ளின, முறுக்கின. புருஷன் கிண்ணத்தின் இரு பக்கமும் கையை ஊன்றிக் குனிந்தான். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள், அவன் நகரவில்லை. ஒன்று அடங்கியது. சிறிது நேரம் கழித்து மற்றதும் அடியில் போய்ப் படுத்தது. அவன் விரல் நகத்தால் கிண்ணத்தைத் தட்டிப் பார்த்தான். அசைவில்லை.

"இவ்வளவுதானா?" என்றான்.

"இவ்வளவுதான். ஆனால் இந்த எண்ணெயை ஓடையில வாரத்துக்கு ஒருக்கால் அடிக்கவேணும். ஊற்றுக் கசியிற இடம் ஒண்டும் விடாமல். கரையில புதர் திரும்ப வளர்ந்து நிழல் கட்டும் வரைக்கும்."

"புதரு வளர எவ்வளவு நாளாகும்?"

"அது வெட்டின கையைக் கேளும்" என்று அவர் அவளைக் காட்டினார். அவள் மறுபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்துக்காரர் போய் நிலையத்து வெள்ளைக்கார டாக்டரைக் கூட்டிவந்தார். நெட்டை மனிதர், வேர்வையில் நனைந்த சட்டை. போத்தலின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் இன்னொரு புழு இருந்தது. அதைப் பார்த்ததும், தோட்டம் எங்கே என்று மலாயில் கேட்டார். புருஷன் சொன்னான். "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயிலேயே பாராட்டி டாக்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொஞ்ச நேரத்துக்குமுன் துரைகளோடு தேநீர் குடிக்கப் போன அந்தத் தோட்டத்து மானேஜரைத் தேடிக்கொண்டு அவர் தாழ்வாரத்தில் ஏறக்குறைய ஓடினார். வெள்ளைக்காரர் குலுக்கிய கையை அவள் என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கியபடியே வைத்திருந்தாள்.

யாழ்ப்பாணத்துக்காரரும் பின்னாலேயே போய்த் திரும்பி வந்து சொன்னார். மானேஜர் ஒப்புக்கொண்டார். எண்ணெயும் அதைத் தெளிக்கும் பம்பு டின்னும் நாளைக் காலை லாரியில் போகும். முதுகில் டின்னைச் சுமந்து ஓடையோரமாக நடந்து அடிக்க ஓர் ஆள் வேண்டும். நிலையத்து ஆட்கள் எல்லோரும் வேறு தோட்டங்களில் இருக்கிறார்கள்.

"என் காலில் புண் இருக்கு. பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். காலையில் லாரியில் ஏறிக்கொள்ளும் என்று சொல்லி, உள்ளே கூட்டிப்போய் மருந்து போட்டுக் கட்டிவிட்டார். கட்டும்போது, மைக்ராஸ்கோப்பில் தெரிந்த விசிறிமயிர் எதற்கு என்று கேட்டேன். சாப்பாட்டை வாய்க்குள் தள்ளுவதற்கு என்றார். ரத்தத்துக்குள் காய்ச்சல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். வேறொரு கண்ணாடியில் காட்டினார். இளஞ்சிவப்பு வட்டங்களுக்குள் சின்ன ஊதா மோதிரங்கள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே வரும்போது கூட்டம் பாதி கலைந்துவிட்டது.

அவளும் புருஷனும் சாலையோரத்தில் நின்றார்கள். தகரப்பெட்டி இப்போது அவள் தலையில் இருந்தது. ஜொகூர் பாரு போகும் பஸ் வந்து நின்று, யாரும் ஏறாததால் கிளம்பிப் போனது. புருஷன் அதைப் பார்க்கக்கூட இல்லை. செனாய்ப் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"லயத்துல என்னா சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"படுத்திருந்த புழுவப் பாத்தேன்னு சொல்லுவேன்" என்றான். கொஞ்சம் யோசித்து, "தீர்த்தம் குடிச்சத மட்டும் சொல்லாத புள்ள" என்றான் அவளிடம்.

"அத மொதல்ல சொல்லுவேன்" என்றாள் அவள்.

மறுநாள் காலை எண்ணெய்ப் பீப்பாயோடு லாரியில் போய் அந்தத் தோட்டத்தில் இறங்கினேன். லயத்து ஆட்கள் பாதிப்பேர் ஓடைக்கரையில் கூடியிருந்தார்கள், சிலர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு. அவள் முன்னால் நடந்து, மண்ணிலிருந்து தண்ணீர் கசியும் இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். தினமும் துணி துவைக்க வருகிறவளுக்கு அதெல்லாம் மனப்பாடம். குங்குமக் கல்லைச் சுற்றி ஒரு முழம் விட்டுத்தான் போனாள்.

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கிழவர் கேட்டார். "என்னா புள்ள, முனிக்கு எண்ணெய்க்காப்பா?"

"ஆமா தாத்தா. வாராவாரம் உண்டு."

நான் டின்னின் வாரைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டு, தண்ணீரில் இறங்கி, கைப்பிடியை அடிக்க ஆரம்பித்தேன்.